அமெரிக்காவுக்குப் பியூஜோ திரும்பி வர உண்மையிலேயே வழி இருக்கிறதா?

மேற்குக்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் பியூஜோ நிறுவனம் 1991இல் அமெரிக்கச் சந்தையை விட்டு வெளியேறியது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, அதன் தாய் நிறுவனமான பிஎஸ்ஏ குழுமம் 2016இல் அமெரிக்காவுக்கான பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2018இல் அட்லாண்டாவைத் தலைமையிடமாக அறிவித்தது. 2019 பிப்ரவரியில், திரும்பி வரப்போகும் பெயர் பியூஜோதான் என்று வெளிப்படையாகவே சொன்னது. பிறகு 2021 ஜனவரியில் ஃபியட் கிரைஸ்லருடன் இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் உருவானதும் அந்தத் திட்டம் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. ஆனாலும் சிறிது காலத்துக்கு ஒருமுறை, "இந்த முறை வந்துவிடுவார்கள்" என்ற பேச்சு மட்டும் எங்கிருந்தாவது கிளம்பிவிடுகிறது.

நான் சான் டியேகோவில் வசிக்கிறேன். மெக்சிகோவில் பியூஜோ வழக்கமாக விற்பனையாகும் கார் என்பதால், திஹுவானாவிலிருந்து எல்லை கடந்து வரும் வண்டிகளில் 2008, 3008 என்ற இரு மாடல்களையும் இங்கே காண முடிகிறது. பம்பரின் இரு ஓரங்களிலும் கோரைப்பல் வடிவில் இறங்கும் அந்த ஒளிக்கோட்டை வைத்தே தொலைவிலிருந்து அடையாளம் கண்டுகொள்ளலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் சில மைல் தொலைவில் ஷோரூமில் கிடைக்கும் ஒரு காரை இந்தப் பக்கம் வாங்கவே முடியாது என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

என் ஐயம் இதுதான். 1991இல் அவர்கள் வெளியேறியதற்குக் காரணமான நிலைமைகள் இன்றும் அப்படியே இருக்கின்றனவா? அமெரிக்கப் பாதுகாப்பு, உமிழ்வு விதிகள்தாம் தடையா, அல்லது விதிகளைப் பூர்த்தி செய்தாலும் விற்க முடியாத வேறு ஏதேனும் சிக்கல் இருக்கிறதா? வாகனத் துறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

வண்டிக்கணக்கு எழுதியது:

நண்பருக்கு வணக்கம். 1991ஐப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய பத்தாண்டுகளைப் பார்க்க வேண்டும். பியூஜோ அமெரிக்காவில் எந்தக் காலத்திலும் பெரிய நிறுவனமாக இருந்ததில்லை. 1950களின் இறுதியில் 403உடன் முறையாக நுழைந்தார்கள். 404, 504, 505 என்று தொடர்ந்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டீசல் கார்களுக்கு ஏற்பட்ட தேவைதான் அவர்களுக்கு நல்ல காலத்தைக் கொடுத்தது. 504 டீசலுக்கென்றே ஒரு வாடிக்கையாளர் கூட்டம் உருவாயிற்று. 505 நியூயார்க்கில் டாக்சியாகக்கூட ஓடியது. அதன் நீளமான வேகன் வடிவம், மூன்றாவது வரிசை இருக்கையுடன், பெரிய குடும்பங்களுக்கு ஏற்றதாக இருந்தது. 1980களின் நடுவில் ஆண்டுக்கு இருபதாயிரத்தை ஒட்டிய விற்பனை இருந்தது.

அந்த அடித்தளத்தின் ஒவ்வொரு கல்லும் அடுத்த சில ஆண்டுகளில் தனித்தனியாகப் பெயர்ந்தது. பெட்ரோல் மலிவானதும் டீசல் மோகம் கலைந்தது. 1984 மாடலாக கிரைஸ்லரின் மினிவேன் வந்ததும், பெரிய வேகன் தேடிய குடும்பங்கள் அங்கே போயின. 1985இல் டாலர் மதிப்பைக் குறைக்கப் பெரிய நாடுகள் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தத்துக்குப் பின் டாலர் மதிப்புச் சரிய, பிரான்சிலிருந்து வரும் ஒவ்வொரு காரும் விலையில் ஏறியது. ஹோண்டாவின் சொகுசு பிராண்டான அக்யூரா 1986இல் வந்தது; டொயோட்டாவின் லெக்சஸும் நிசானின் இன்ஃபினிட்டியும் 1989இல் வந்தன. இந்தச் சூழலில்தான், ஐரோப்பாவில் 1988ஆம் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்ற 405ஐ இங்கே இறக்கினார்கள். ஓட்டுவதற்கு அருமையான கார் என்று அக்காலத்து விமர்சகர்கள் பாராட்டியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஹோண்டா அக்கார்டையும் டொயோட்டா கேம்ரியையும் விட்டுவிட்டு அதை வாங்க ஒருவருக்கு என்ன காரணம் இருக்க முடியும் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை. 1990இல் மொத்த விற்பனை ஐயாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. நியூ ஜெர்சியின் லிண்ட்ஹர்ஸ்டில் இருந்த அமெரிக்கக் கிளை 1991 ஆகஸ்டில் வெளியேற்றத்தை அறிவித்தது. ரோவரின் ஸ்டெர்லிங் பிராண்டும் அதே ஆண்டில்தான் மறைந்தது. ரெனோ 1987இலேயே அமெரிக்கன் மோட்டார்ஸ் (ஏஎம்சி) நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளை கிரைஸ்லருக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டியிருந்தது. சிட்ரோயென் 1970களிலேயே போய்விட்டது.

இனி 2016 திட்டத்துக்கு வருவோம். பிஎஸ்ஏவின் தலைவர் கார்லோஸ் தவாரெஸ் தலைமையில் வகுக்கப்பட்ட அந்தத் திட்டம், முதலில் வாடகைக்கும் பகிர்வுக்குமான சேவைகளை நடத்திச் சந்தையைப் படிப்பது, பிறகு அச்சேவைகளில் சொந்தக் கார்களைப் பயன்படுத்துவது, கடைசியாகத்தான் பொதுமக்களுக்கு விற்பது என்று மூன்று படிகளாக இருந்தது. 2018இல் வாஷிங்டன் நகரில் அவர்களுடைய ஃப்ரீ2மூவ் கார்ப் பகிர்வுச் சேவை தொடங்கியபோது அதில் ஓடியவை செவ்ரோலே குரூஸும் ஈக்வினாக்ஸும்தாம். திரும்பி வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போட்டியாளரின் கார்களை வாடகைக்கு விட்ட காட்சி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த நிதானம் உண்மையில் புத்திசாலித்தனமானது என்றுதான் நான் நினைக்கிறேன். முதற்கட்ட விற்பனைக்கு 15 மாநிலங்களை மட்டுமே குறிவைத்திருந்தார்கள். நாடு முழுவதும் ஒரே நாளில் கடை விரித்துப் பின்னர் மூடும் தவற்றைத் தவிர்க்கும் எண்ணம் தெளிவாகவே இருந்தது.

இணைப்புக்குப் பின் என்ன நடந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் தமக்கென்று ஒரு விற்பனை வலை இல்லாத நிலையில் பிஎஸ்ஏவுக்கு பியூஜோ தேவைப்பட்டது. ஜீப், ராம், டாட்ஜ், கிரைஸ்லர் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்ட பிறகு அந்தத் தேவை மறைந்துவிட்டது. பியூஜோவை அழைத்துவர நியமிக்கப்பட்டிருந்த லாரி டொமினிக், 2021இல் வட அமெரிக்க ஆல்ஃபா ரோமியோவின் பொறுப்பாளரானார். பிஎஸ்ஏ அமெரிக்காவை விரும்பியது. பியூஜோ அதற்கான வாகனமாக மட்டுமே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சான்றளிப்பு மேசை எழுதியது:

விதிகளைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் விடை எழுதுகிறேன். என் பணி பல ஆண்டுகளாக அதைச் சார்ந்ததே.

ஐரோப்பாவில் ஒரு காரை விற்குமுன் அரசு அமைப்பு ஒன்று அதைச் சோதித்து வகை ஒப்புதல் வழங்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அப்படிப்பட்ட முன் ஒப்புதல் கிடையாது. தயாரிப்பாளரே "என் கார் விதிகளுக்கு உட்பட்டது" என்று சான்றளித்துக் கதவுச் சட்டத்தில் ஒரு வில்லையை ஒட்டுகிறார். பின்னாளில் பொய்யென்று தெரிந்தால் திரும்பப் பெறும் செலவும் அபராதமும் அவர் தலையில் விழும். உமிழ்வு மட்டும் வேறு: அதற்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்றிதழை முன்கூட்டியே பெற்றாக வேண்டும், கலிஃபோர்னியாவுக்கு அம்மாநிலக் காற்று வள வாரியத்தின் ஆணையும் தனியாக வேண்டும்.

பலரும் வேறுபாடு என்றதும் பக்கவாட்டு விளக்குகளையும் ஹெட்லைட்டையும் சொல்வார்கள். அவை உண்மையான வேறுபாடுகளே என்றாலும் அவற்றை மாற்றுவது எளிது. பம்பரின் முனையில் ஆரஞ்சு விளக்கும் பின்முனையில் சிவப்பு விளக்கும் சேர்ப்பதும், ஹெட்லைட்டின் ஒளிப்பரவலைச் சற்று மாற்றி அமைப்பதும் ஒரு சப்ளையரின் வேலை. கடினமானவை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கின்றன.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். முதலாவது, சீட் பெல்ட் அணியாத பயணி. அமெரிக்க விதி, பெல்ட் அணியாத பொம்மையை வைத்து மணிக்கு 32 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதிப் பார்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய விதி பெல்ட் அணிந்திருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. பெல்ட் இல்லாத உடல் முன்னோக்கிச் சறுக்கும்போது முழங்கால்கள்தாம் முதலில் மோதும். அவற்றைத் தாங்கி உடலை ஏர்பேக்குக்கு நேராக நிறுத்த, டேஷ்போர்டின் கீழ்ப்பகுதி அந்த எண்ணத்துடனேயே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். பியூஜோவின் இப்போதைய கார்களில் ஸ்டீயரிங் மிகச் சிறியதாகவும் தாழ்வாகவும் இருக்கும், வேகமானி அதற்கு மேலே தெரியும். அந்த அமைப்பு பார்க்க அழகாக இருந்தாலும், ஏர்பேக் எங்கே விரிகிறது, எந்தக் கோணத்தில் நெஞ்சைத் தொடுகிறது என்பதையெல்லாம் அமெரிக்கச் சோதனைக்காகத் தொடக்கத்திலிருந்து கணக்கிட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பெட்ரோல் ஆவி. எரிபொருள் நிரப்பும்போது தொட்டியிலிருந்து வெளியேறும் ஆவியை ஐரோப்பாவில் பங்க்கின் குழாயே உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்காவில், 1998 மாடல்களிலிருந்து படிப்படியாக, அந்தப் பொறுப்பு காரிடமே ஒப்படைக்கப்பட்டது. அதனால் இங்கே விற்கும் பெட்ரோல் கார் ஒவ்வொன்றிலும் அந்த ஆவியைப் பிடித்துவைக்கும் மிகப் பெரிய கரிக்கலன் ஒன்று தொட்டிக்கு அருகில் பொருத்தப்பட்டிருக்கும். நிரப்புக் குழாயின் வளைவும் விட்டமும்கூட வேறுபடும். பின் அச்சுக்கும் தரைத்தகட்டுக்கும் இடையில் அதற்கான இடத்தை வடிவமைப்பின் முதல் நாளிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். பிறகு திணிக்கப் பார்த்தால் சேமிப்பு இடம் போகும், அல்லது தொட்டி சிறுக்கும்.

ஆகவே விதிகள் தடை என்பது பாதி உண்மை. எதிர்கால மாடல்களை அமெரிக்க விதிகளுக்கும் ஏற்றவாறு வடிவமைக்கப் போவதாக பிஎஸ்ஏ 2018இல் அறிவித்தது பொருளுள்ள முடிவு. அதற்கு முந்தைய ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து ஓப்பலை வாங்கியதில் அவர்களுக்குக் கிடைத்தவற்றுள் முக்கியமானது, ப்யூக் ரீகல் என்ற பெயரில் இங்கே விற்ற காரை உருவாக்கிய பொறியாளர்களின் பட்டறிவு. தொடக்கத்திலேயே திட்டமிட்டால் கூடுதல் செலவு தாங்கக்கூடியது. ஏற்கெனவே ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மாடலை எடுத்து மாற்றினால், ஆண்டுக்குப் பத்தாயிரம் கார் விற்பவருக்கு அந்தச் செலவு ஒருநாளும் திரும்பி வராது.

பட்டறைவாசி எழுதியது:

மேலே இருவரும் சொன்னவை சரியே. ஆனால் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவனாக நான் இதை வேறு முனையிலிருந்து பார்க்கிறேன். ஒரு பிராண்ட் திரும்பி வரும்போது அமெரிக்க வாடிக்கையாளர் கேட்பது "இது நல்ல காரா?" என்று அல்ல, "இது நின்றுபோனால் யாரிடம் போவேன், விற்கப் போனால் யார் வாங்குவார்?" என்றுதான் கேட்கிறார். ஒருமுறை கடையை மூடிவிட்டுப் போனவருக்கு அந்தக் கேள்வி இரு மடங்கு கடுமையாக இருக்கும்.

ஒரு செய்தி இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பியூஜோ என்ற பெயர்தான் அமெரிக்காவில் இல்லை. அதன் இயந்திரம் நெடுநாளாக இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. பிஎஸ்ஏவும் பிஎம்டபிள்யூவும் கூட்டாக உருவாக்கிய பிரின்ஸ் என்ற 1.6 லிட்டர் குடும்பம், 2007 மாடலிலிருந்து மினி கூப்பரில் இங்கே வந்தது. அதே குடும்பத்தின் வழிவந்த 1.6 டர்போ, இப்போது மிச்சிகனின் டண்டி ஆலையில் உருவாகி, புதிய ஜீப் செரோக்கி ஹைப்ரிடில் பொருத்தப்படுகிறது. செரோக்கி வாங்குபவர்களில் எத்தனை பேர் பானெட்டைத் திறந்து அதன் பூர்விகத்தைக் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

மினியில் அந்த இயந்திரத்துக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். முதல் தலைமுறை டர்போ வடிவில், குளிர்ந்த நிலையில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகளுக்குக் கடகடவென்று ஓர் ஒலி வரும். ஆயில் அழுத்தம் ஏறி டென்ஷனர் செயினை இழுத்துப் பிடித்ததும் ஒலி அடங்கிவிடும் என்பதால், பெரும்பாலானோர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சில விநாடிகளில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைத்து இயக்கும் டைமிங் செயின், தளர்ந்த நிலையில் பிளாஸ்டிக் வழிகாட்டியில் அடித்து அடித்து அதை உடைக்கிறது. துண்டுகள் ஆயில் தொட்டியில் விழுகின்றன. முற்றினால் செயின் ஒரு பல் தாவி வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்கின்றன. அந்த இயந்திரம் ஆயிலையும் குடிக்கும் என்பதால், அளவுகோலை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களிடம் பழுது விரைவாக வந்தது. இது வழக்கு வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. பிற்காலப் பதிப்புகளில் வடிவமைப்பு பெரிதும் மாற்றப்பட்டுவிட்டது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், மினி அந்த அடியைத் தாங்கியதற்குக் காரணம் பிஎம்டபிள்யூவின் டீலர்கள் எல்லாப் பெருநகரங்களிலும் இருந்ததுதான். உதிரிபாகம் கிடைத்தது, உரிய கருவியுடன் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் இருந்தார்கள், தனிப் பட்டறைகளும் காலப்போக்கில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டன. இதே பழுது, நாடு முழுவதற்கும் நாற்பது ஐம்பது டீலர்களை மட்டும் வைத்துத் திரும்பி வந்திருக்கும் ஒரு பிராண்டுக்கு இரண்டாம் ஆண்டிலேயே நேர்ந்திருந்தால், மூன்றாம் ஆண்டு அந்த பிராண்ட் இருந்திருக்காது. அமெரிக்கர்களுக்கு ஐரோப்பியக் கார்களின் பழுது புதிதல்ல. ஜெர்மன் கார்களின் பழுதைச் சகித்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள். சகித்துக்கொள்ள அடுத்த தெருவில் ஆள் வேண்டும்.

மேற்குக்கரைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இதிலிருந்து எனக்கு ஒரு துணைக் கேள்வி எழுகிறது. ஸ்டெல்லாண்டிஸிடம் ஏற்கெனவே ஜீப் டீலர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள் அல்லவா? மினிக்கு பிஎம்டபிள்யூ செய்ததை பியூஜோவுக்கு அவர்கள் செய்ய முடியாதா? இறக்குமதி வரி இவ்வளவு ஏறிவிட்ட நிலையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வண்டிக்கணக்கு எழுதியது:

காகிதத்தில் பார்த்தால் முடியும். ஆனால் அதே குழுமம் அதே முயற்சியை இருமுறை செய்து பார்த்துவிட்டது.

1983இல் வெளியேறிய ஃபியட், 2011இல் 500 என்ற சின்னஞ்சிறு காருடன் கிரைஸ்லரின் தோளில் ஏறித் திரும்பி வந்தது. மெக்சிகோவின் தொலூகாவில் தயாரித்ததால் வரிச் சிக்கலும் இல்லை. ஃபியட், கிரைஸ்லர் இரண்டுக்கும் அன்றைய தலைவரான செர்ஜியோ மார்க்கியோனி முதல் ஆண்டுக்கு எதிர்பார்த்தது ஏறத்தாழ 50,000. விற்றது 20,000க்கும் கீழே. 2012 முதல் 2014 வரை ஆண்டுக்கு 40,000ஐத் தாண்டி நம்பிக்கை தந்தது. பின்னர் பெட்ரோல் விலை இறங்க, மக்கள் பெரிய வண்டிகளுக்குத் திரும்ப, 2023இல் விற்பனை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. இதில் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் டீலர்கள். ஃபியட்டுக்கென்று தனியாக "ஸ்டூடியோ" கட்ட வேண்டும் என்று அவர்களிடம் வலியுறுத்தப்பட்டது. பணத்தைக் கொட்டிக் கட்டினார்கள். காட்டுவதற்கோ ஒரே கார்தான் இருந்தது. 1995இல் போன ஆல்ஃபா ரோமியோவின் கதையும் அதையொட்டியதே. ஜூலியா, ஸ்டெல்வியோ இரண்டும் வந்த வேகத்தில் 2018இல் ஏறத்தாழ 24,000 விற்றன. 2024இல் பத்தாயிரத்துக்கும் கீழே. அடுத்த மாடல் உரிய நேரத்தில் வராமல் போனதுதான் அதன் முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. இவ்வளவையும் பார்த்துவிட்ட ஒரு டீலரிடம் போய் "இன்னொரு ஐரோப்பிய பிராண்டுக்கு இடம் ஒதுக்குங்கள்" என்று சொன்னால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்க டீலர் மன்றம் தவாரெஸுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் ஜீப்பும் ராமும் தேங்கிக் கிடப்பதைப் பற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் பதவி விலகினார்.

டீலர்களைத் தாண்டி நேரடியாக விற்கவும் முடியாது. பெரும்பாலான மாநிலங்களின் உரிமச் சட்டங்கள், ஏற்கெனவே டீலர்களை வைத்திருக்கும் தயாரிப்பாளர் அவர்களுடன் போட்டியிட்டு நேரடி விற்பனை செய்வதைத் தடுக்கின்றன. டெஸ்லாவுக்குக் கிடைத்த வழி, தொடக்கத்திலிருந்தே டீலர் இல்லாதவர் என்பதால் கிடைத்தது. ஃபோக்ஸ்வாகன் தன் புதிய ஸ்கௌட் பிராண்டை நேரடியாக விற்கப்போவதாக அறிவித்ததும் டீலர்கள் நீதிமன்றம் போனார்கள்.

மினி வென்றதற்கு டீலர் வலை மட்டுமே காரணம் அல்ல என்பதையும் பட்டறைவாசி ஐயா சொன்னதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 2002இல் அது திரும்பி வந்தபோது அந்த விலைக்கு அப்படியொரு கார் அமெரிக்கச் சந்தையில் வேறு எதுவும் இல்லை. 2013இல் 66,000க்கு மேல் விற்றார்கள். பியூஜோ 3008 எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஆர்ஏவி4, சிஆர்-வி, டூசான், சிஎக்ஸ்-5 என்று எஸ்யூவிகள் நிரம்பி வழியும் ஒரு வரிசையில்தான் போய் நிற்க வேண்டும். 405க்கு நேர்ந்ததும் இதுவேதான்.

வரியைப் பொறுத்தவரை, நெடுங்காலம் 2.5 விழுக்காடாக இருந்த கார் இறக்குமதி வரி 2025 ஏப்ரலில் 27.5 ஆயிற்று, ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்பாட்டால் ஆகஸ்ட் 1 முதற்கொண்டு 15 ஆகக் குறைந்தது. குறைந்தது என்கிறோம், பழைய அளவுக்கு இது ஆறு மடங்கு. இங்கேயே தயாரிக்கலாம் என்றால், 3008இன் அதே அடித்தளத்தில்தான் ஐரோப்பாவின் புதிய ஜீப் காம்பஸும் உருவாகிறது. இல்லினாயின் பெல்விடேர் ஆலையைத் திறந்து காம்பஸையும் செரோக்கியையும் அங்கே கட்டுவதாக 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறார்கள். ஒரு காருக்கு ஜீப் முத்திரை குத்தி விற்கும் வாய்ப்பு கையில் இருக்கும்போது, அதே காருக்குப் பியூஜோவின் சிங்க முத்திரை குத்த எந்த நிதி அதிகாரி கையெழுத்திடுவார்?

சிங்க முத்திரை எழுதியது:

வண்டிக்கணக்கு நண்பரின் கணக்குடன் வாதாட முடியாது என்றாலும், அது பெருந்தொகை விற்பனைக்கான கணக்கு. வருகை என்றாலே ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? பியூஜோவுக்கு அமெரிக்காவில் பந்தயப் புகழும் உண்டு. 1913இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ஜூல் கூ பியூஜோவில் வென்றார். 1916இலும் 1919இலும் அதே பெயர்தான் வென்றது. கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைச்சாலைக் கார்ப் பந்தயத்தில் 1988இல் ஆரி வாட்டனென் 405 டர்போ16இல் வென்றார். 2013இல் செபாஸ்டியன் லோப் 208 டர்போ16இல் எட்டு நிமிடம் பதிமூன்று விநாடிகளில் உச்சியை அடைந்து, அதற்கு முந்தைய சாதனையை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் உடைத்தெறிந்தார். கார் விற்பனையே இல்லாத ஒரு நாட்டில் அந்தச் செலவைச் செய்தவர்களுக்கு அமெரிக்காவைப் பற்றிய எண்ணம் எப்போதும் இருந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். குறைந்த எண்ணிக்கையில் மின்சார விரைவுக் கார் ஒன்றை, சில ஜீப் டீலர்கள் வழியாக, முன்பதிவின் பேரில் மட்டும் விற்கலாம் அல்லவா? மின்சாரக் காருக்குப் பெட்ரோல் ஆவிச் சிக்கலும் இல்லை.

அதுவரை காத்திருக்க விரும்பாதவர்களுக்கு 25 ஆண்டு விதி இருக்கிறது. உற்பத்தியாகி 25 ஆண்டுகள் கடந்த கார்களுக்குக் கூட்டரசின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. 205 ஜிடிஐ எப்போதோ அந்த வரம்பைக் கடந்துவிட்டது. பினின்ஃபரினா வடிவமைத்துத் தன் ஆலையிலேயே கட்டிய 406 கூபேயின் 2000ஆம் ஆண்டு வரையிலான கார்களும் இப்போது தகுதி பெற்றுவிட்டன. என் கண்ணுக்கு அந்தக் காலத்தில் வந்த மிக அழகான நான்கு இருக்கைக் கூபே அதுதான். மேற்குக்கரைவாசி நண்பர் ஏன் அதை முயன்று பார்க்கக் கூடாது?

சான்றளிப்பு மேசை எழுதியது:

குறைந்த எண்ணிக்கை யோசனைக்கு ஒரே வரியில் விடை சொல்கிறேன்: மோதல் சோதனைக்காக உடைக்கப்படும் கார்களின் எண்ணிக்கை, நீங்கள் ஆயிரம் விற்றாலும் ஒரு லட்சம் விற்றாலும் அதேதான். அதுவும் 7,500 டாலர் மின்சாரக் கார் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30உடன் முடிந்துவிட்ட நேரத்தில் அந்தக் கணக்கு இன்னும் கடினம்.

25 ஆண்டு விதியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கேள்வி கேட்டவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார் என்பதால் இதை முழுமையாகச் சொல்லியாக வேண்டும். கூட்டரசு அளவில், 25 ஆண்டு என்பது மாடல் ஆண்டிலிருந்து அல்ல, உற்பத்தியான மாதத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. உமிழ்வுக்கு 21 ஆண்டுகளே போதும், இயந்திரம் மூல அமைப்பில் இருக்கும்வரை. துறைமுகத்தில் பாதுகாப்புக்கான எச்எஸ்-7, உமிழ்வுக்கான 3520-1 ஆகிய இரு படிவங்களையும் நிரப்ப வேண்டும். 25 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இன் கூடுதல் வரி பொருந்தாது; பழைய 2.5 விழுக்காடுதான். இவை அனைத்தும் முடிந்தாலும், கலிஃபோர்னிய வாரியம் தன் உமிழ்வு விதிகளிலிருந்து விலக்குத் தருவது 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் பெட்ரோல் கார்களுக்கு மட்டுமே. அதற்குப் பிந்தைய நேரடி இறக்குமதிக் காரை, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் மாற்றியமைத்துச் சோதித்துச் சான்று பெற்ற பிறகே அங்கே பதிவு செய்ய முடியும். அந்தச் செலவு பெரும்பாலும் காரின் விலையை மிஞ்சிவிடும். மெக்சிகோ எண்பலகையுடன் நீங்கள் பார்க்கும் 3008கள் அந்நாட்டில் வசிப்பவர்கள் தற்காலிகமாக ஓட்டிவருபவை. அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர் அவற்றில் ஒன்றை வாங்கி வந்து தன் பெயரில் பதிய இயலாது.

ஆகவே சான் டியேகோவில் உங்கள் பெயரில் ஒரு பியூஜோ வேண்டுமென்றால், அன்றைக்கே அமெரிக்க விதிப்படி இங்கு விற்கப்பட்ட 505ஐயோ 405ஐயோ தேடுவதுதான் எளிய வழி. வாங்குமுன் கதவுச் சட்டத்தில் உற்பத்தியாளரின் சான்று வில்லையும், பானெட்டுக்கு அடியில் உமிழ்வு வில்லையும் கிழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த உமிழ்வு வில்லையில் கலிஃபோர்னியா என்ற குறிப்பும் இருந்தால் பதிவு அலுவலகத்தில் உங்களுக்கு வேலை மிச்சம்.